மிச்சம் ரெண்டு கிலோ

2015இல் ஒரு சாயங்காலம், தங்கச்சி கணக்குப் பயிற்சி நூலை என் முன்னால் நீட்டி, "அண்ணே, பகா எண்ணுன்னா என்ன?" என்று கேட்டாள். அப்போது அவள் ஐந்தாம் ஆண்டு. நான் பள்ளிப் படிப்பை முடித்துப் பொறியியல் படிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தவன். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் 2, 3, 5, 7, 11 என்று வட்டம் போட்டிருந்ததைப் பார்த்த பிறகுதான், "அட, பிரைம் நம்பர்!" என்றேன். "அப்படின்னா?" என்றாள். அவளுக்கு இது தெரியாது, எனக்கு அது தெரியாது. ஒரே வீடு, ஒரே தமிழ்ப்பள்ளி.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2003இல் அரசாங்கம் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் போதிக்கச் சொன்னது. 2009இல் அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்தது. நான் சரியாக அந்த இடைவெளியில் படித்தவன். தமிழ்ப்பள்ளியில் உட்கார்ந்து, தமிழ் பேசும் டீச்சரிடம், பிரைம் நம்பர் படித்தேன். இடைநிலைப்பள்ளியில் அதுவே மலாயில் 'நொம்போர் பெர்டானா' ஆனது. பிரதம மந்திரிக்கும் அதே பெர்டானாதான். ஆங்கிலத்திலும் மலாயிலும் அந்த எண்கள் 'முதன்மையானவை'. ஏதோ பதவியில் இருப்பவை மாதிரி. தமிழ் மட்டும் அவற்றை, என்ன செய்ய மாட்டா என்பதை வைத்துக் கூப்பிடுகிறது. பகா. பகுபடாதவை.

பகு என்ற வேரிலிருந்துதான் பகுதி, பகிர்வு, பாதி எல்லாம் வருகின்றன. பகையும் அதே வீட்டுப் பிள்ளைதான் என்று சொல்வார்கள். தமிழில் எண்ணுக்குப் பெயர் வைத்தவர் மனசில், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு பங்கு பிரிக்கும் காட்சி இருந்திருக்கிறது.

தங்கச்சிக்குப் புரிய வைக்க, சுவாமி மேடைக்குப் பக்கத்திலிருந்த ஆரஞ்சுகளை எடுத்தேன். சீனப் பெருநாளுக்குக் காய்கறித் தோட்டத்துத் தவுக்கே கொடுத்தவை, மிஞ்சினது ஏழு. "பாரு, ஆறு இருந்தா ரெண்டு பேருக்கு மும்மூணு, மூணு பேருக்கு ரெவ்வெண்டு. அதனால ரெண்டும் மூணும் ஆறோட காரணிகள். ஆறு, ரெண்டுக்கும் மடங்கு, மூணுக்கும் மடங்கு. இப்ப ஏழு. ரெண்டு பேருக்குப் பிரிச்சா ஒண்ணு மிச்சம். மூணு பேருக்கும் ஒண்ணு மிச்சம். நாலு பேருக்கு மூணு மிச்சம். ஒரே ஆள் எல்லாத்தையும் எடுத்துக்கணும், இல்லன்னா ஏழு பேர் வரணும். அதான் பகா எண்."

வாசலில் உட்கார்ந்திருந்த தாத்தா திரும்பிப் பார்த்தார். "ஏன் பிரிக்க முடியாது? ஆளுக்கு மூணு குடு. ஒண்ண உரிச்சுச் சுளையாப் பங்கு போடு."

"இல்ல தாத்தா, முழு எண்ணாத்தான் இருக்கணும்."

"யாரு சொன்னா?"

நான் சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி, அதற்கு ஆறு வருஷம் முன்னால் நடந்த ஒன்றைக் கிளறிவிட்டது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

கேமரன் மலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பார்ப்பது பச்சைக் கம்பளம். அருகில் போனால் அது வரிசை வரிசையாக வெட்டிய செடி. 1929இல் ரஸ்ஸல் என்ற வெள்ளைக்காரர் இங்கே போ தோட்டத்தைத் தொடங்கியதிலிருந்து இந்தச் சரிவுகளில் தேயிலை இருக்கிறது. அப்போதெல்லாம் விரலால் கிள்ளுவது. பிறகு கத்தரி வந்தது. அதற்குப் பிறகு மிஷின். இரண்டு பேர் வரிசையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று மிஷினைத் தூக்கிப் பிடிப்பார்கள். வெட்டிய கொழுந்தைக் காற்று தள்ளிப் பின்னாலிருக்கும் நீளத் துணிப்பைக்குள் அனுப்பும். மூன்றாவது ஆள் பையின் வாலைப் பிடித்து, செடியில் சிக்காமல், கூடவே நடப்பார். எங்கள் தோட்டத்தில் அந்த மூன்று பேரும் ஒரு செட்டு. நிறுக்கும்போது செட்டுக்கு ஒரே எடை. அதை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பது அவர்கள் பாடு.

தாத்தாவுக்கு அப்போது 58. தோளில் வலி, அதனால் பை பிடிப்பது அவர் வேலை. மற்ற இருவரும் முப்பதுகளில் இருந்தவர்கள், எங்கள் லயத்துக்காரர்கள், நான் மாமா என்று கூப்பிடுகிறவர்கள். அன்றுவரை மூன்றால் வகுத்தார்கள். மிச்சம் ஒரு கிலோவோ ரெண்டு கிலோவோ வந்தால் அது யார் பெயரிலும் இல்லை. மாசக் கடைசியில் அந்தக் காசில் மூவரும் தாப்பா ரோட்டுக் கடையில் டீ குடிப்பார்கள். நாள் பூராவும் தேயிலை வெட்டுகிறவர்கள், மிச்சத்தில் டீ குடித்தார்கள். அதில் யாருக்கும் எந்தச் சிரிப்பும் தோன்றியதாகத் தெரியவில்லை.

2009. நான் ஆறாம் ஆண்டு, யூபிஎஸ்ஆர் வருஷம். லயத்தில் கணக்கில் கெட்டிக்காரன் என்று பெயர். மாமாக்களில் ஒருவர் வந்தார். "தம்பி, மிஷின் புடிக்கிறவன் ரெண்டு பங்கு வேலை செய்றான். பை புடிக்கிறவன் ஒரு பங்கு. இன்னைக்கு 400 கிலோ. எப்படிப் பிரிக்கிறதுன்னு போட்டுக் குடு."

நான் போட்டேன். 2, 2, 1. மொத்தம் 5 பங்கு. 400ஐ ஐந்தால் வகுத்தால் 80. ஆக 160, 160, 80. மூன்றால் வகுத்தபோது 133 வந்து ஒன்று மிஞ்சியது. இதில் மிச்சமே இல்லை. அந்தச் சுத்தம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று இப்போதும் ஞாபகம் இருக்கிறது. பென்சிலால் அடிக்கோடு போட்டு, கீழே விடை என்று எழுதிக் கொடுத்தேன். "மாமா, இதுதான் சரி, பாருங்க, மிச்சமே வரல" என்று வேறு சொன்னேன். தாத்தா திண்ணையில்தான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. 133 கிலோ 80 ஆனது.

அடுத்த நாள் 412 கிலோ. ஐந்தால் வகுத்தால் 82, மிச்சம் 2. மூன்றால் வகுத்திருந்தால் மிச்சம் 1தான். என் புதிய கணக்கு மிச்சத்தைக்கூட ஒழிக்கவில்லை, முதல் நாள் தற்செயலாக 400 வந்தது, அவ்வளவுதான். நான் அதைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மாசம் அப்படி ஓடியது. அப்புறம் ஒரு மாமா காய்கறித் தோட்டத்து லாரிக்கு வேலைக்குப் போய்விட்டார், செட்டு கலைந்தது. பெரிய சோகம் என்று சொல்ல ஒன்றுமில்லை; வீட்டில் மீன் வாங்குவது குறைந்தது, எனக்கு வாங்குவதாகச் சொன்ன கால்குலேட்டர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அப்போது நான் யோசிக்கவும் இல்லை.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகுதான் இதை யோசிக்க ஆரம்பித்தேன். பிளேட்டோ வயதான காலத்தில் எழுதிய 'சட்டங்கள்' என்ற நூலில் ஒரு கற்பனை நகரம் வருகிறது. அதில் எத்தனை குடும்பங்களுக்கு நிலம்? 5040. ஏன் அந்த எண்? 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும். தன்னையும் சேர்த்தால் அதற்கு 60 வகுத்திகள். வரி பிரிக்க, படை பிரிக்க, நிலம் பிரிக்க, எதற்கும் தோது. 12ஆலும் வகுபடும். 11ஆல் மட்டும் வகுபடாது. அதற்கும் அவரிடம் வைத்தியம் இருக்கிறது: இரண்டு வீடுகளை ஒதுக்கி வைத்துவிட்டால் சரியாகிவிடும். கணக்குப் பார்த்தேன். 11 பெருக்கல் 458, 5038. சரிதான். மிச்சம் இரண்டு.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் விடுதி வராந்தாவில் நின்றேன். அவர் சாதாரணமாகத்தான் சொல்கிறார், கொடூரமாக இல்லை. ஒரு சின்னத் திருத்தம், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு வீட்டுக்காரர்களுக்கு அது எப்படி இருக்கும்? இன்னொன்றும் இருக்கிறது. அந்த நகரத்தின் அடிமைகளும் வெளியூரிலிருந்து வந்து தொழில் செய்கிறவர்களும் 5040க்குள் வரவே மாட்டார்கள். எண்ணிக்கைக்குள் வராதவர்கள் மிச்சமாகவும் வர முடியாது. இன்று எங்கள் சரிவுகளில் மிஷின் பிடிக்கிறவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்துக்காரர்கள், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள். 'நம்ம தோட்டம்' என்று கட்டுரையும் கவிதையும் எழுதும் நாம் அவர்களை எந்த எண்ணில் சேர்க்கிறோம் என்று தெரியவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

5040 இன்னொருவர் பட்டியலிலும் இருக்கிறது. ராமானுஜன். 1729 டாக்ஸிக் கதையை விட்டுவிடுகிறேன், எல்லாரும் கேட்டதுதான். 1915இல், ஏறக்குறைய என் வயதில், அவர் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும் விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றியது. 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று போகும், 5040உம் வரும். உலகம் பகா எண்களின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோது கும்பகோணத்துக்காரர் ஒருவர், எது மிக அதிகமாகப் பகுபடும் என்று தேடிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு ஏனோ பிடித்திருக்கிறது. நாளுக்கு 60 நாழிகை, 60 வருஷப் பெயர்கள் என்று வைத்த ஊர்க்காரருக்கு அந்த எண்களோடு பழக்கம் இருந்திருக்கலாம். இது என் ஊகம், ஆதாரம் கேட்காதீர்கள்.

சரி, பகுபடும் எண்தான் நல்ல எண்ணா? நெடுநாள் அப்படித்தான் நினைத்தேன். பகிர்கிற எண் நல்லது, பகிராத எண் கஞ்சன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு கியர்பாக்ஸ் அதை மாற்றியது.

பழுதாகி வந்த ஜோடியில் சின்னச் சக்கரத்துக்கு 20 பல், பெரியதற்கு 40. சின்னதில் ஒரு பல்லில் விரிசல். பெரியதில் எதிரெதிரே இரண்டு பற்கள் மட்டும் நன்றாகத் தேய்ந்து, மற்ற 38 புதுசு மாதிரி இருந்தன. 40, 20இன் மடங்கு. அதனால் சின்னச் சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் வாழ்நாள் முழுக்கப் பெரிய சக்கரத்தின் அதே இரண்டு பற்களை மட்டுமே சந்திக்கும். இடி முழுக்க அந்த இரண்டுக்கும்தான். மூத்த டெக்னீஷியன் ஒருவர் சொன்னார், "பழைய ஆளுங்க 40 வைக்க மாட்டான், 41 வைப்பான்." 41 பகா எண். 20க்கும் 41க்கும் ஒன்றைத் தவிரப் பொதுக் காரணி இல்லை. மீச்சிறு பொது மடங்கு 820. ஒரு பல் முதலில் சந்தித்த பல்லை மறுபடி சந்திக்க, சின்னச் சக்கரம் 41 சுற்றுச் சுற்ற வேண்டும். அதற்குள் எதிரே உள்ள எல்லாப் பற்களையும் ஒரு முறை பார்த்துவிடும். தேய்மானம் எல்லார் மேலும் சமமாக விழும்.

ஆக நல்லதைப் பிரிக்கும்போது பகுபடும் எண் உதவுகிறது, கெட்டதைப் பிரிக்கும்போது பகா எண் உதவுகிறது. இப்படி எழுதிவிட்டு நானே மெச்சிக்கொண்டேன், ஆனால் அது முழுக்க உண்மையில்லை. 41 பல் வைத்தால், விரிசல் விட்ட ஒரே பல் 41 பேரையும் கெடுக்கும். 40 வைத்தால் கேடு இரண்டோடு நிற்கும். இரண்டு பேரைப் பலி கொடுத்து 38 பேரைக் காப்பாற்றுவதா, எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் தேய்வதா? என் தொழிலில் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்கிறோம், காரணம் கருணை இல்லை: சக்கரம் அதிக நாள் உழைக்கும். பிளேட்டோவின் இரண்டு வீடும் இந்த இரண்டு பல்லும் ஒன்றல்ல என்று தெரியும். ஆனாலும் அந்தச் சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்தது தாத்தாவை.

மாமாக்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மிஷின் பாரமானது, பெட்ரோல் எஞ்சின் அதிர்ந்துகொண்டே இருக்கும், சரிவில் கீழ்ப்பக்கம் நிற்பவருக்கு இடுப்பு போய்விடும். அரிஸ்டாட்டில் 'நிக்கோமாக்கிய அறவியல்' ஐந்தாம் புத்தகத்தில் சொல்வதும் அவர்கள் பக்கம்தான்: பங்கு என்பது தகுதிக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். 2:2:1 விகிதம்தானே? ஆனால் தகுதி எது என்பதில் ஆளாளுக்கு வேறு கருத்து என்றும் அவரே சொல்கிறார். தாத்தா பையை மட்டுமா பிடித்தார்? முப்பது வருஷமாக அந்தச் சரிவை நடந்தவர். "அங்க கால வைக்காத, செடிக்கடியில வாய்க்கா இருக்கு." "இந்த வரிசைய விட்டுடு, அடுத்த சுத்துக்குத்தான் ஆகும்." மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நிரையும் கொழுந்து விடும், எது முந்தும், எது பிந்தும் என்று அவர் பார்த்துச் சொல்வார். அது எத்தனை கிலோ? தராசில் நிற்காததை நான் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்படியானால் மூன்றுதான் நியாயமான வகுத்தி என்று நிரூபிக்க முடியுமா? முடியாது. பலமுறை முயன்றிருக்கிறேன். ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பள்ளிக் கணக்கில் வகுக்க வேண்டிய எண்ணும் வகுக்கும் எண்ணும் கேள்வியிலேயே இருக்கும். வகுபடுமா, மிச்சம் எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதும். அன்றைக்கு என்னிடம் வந்தபோதும் அப்படித்தான் வந்தது, ஐந்து என்பது மாமாவின் கேள்விக்குள்ளேயே இருந்தது. மூன்று ஆட்கள் எப்படி ஐந்தானார்கள் என்று நான் கேட்கவில்லை. மனுஷர்கள் முழு எண்கள், காசையும் கொழுந்தையும்தான் வெட்டலாம். என் நோட்டில் 400 கிலோ முழுசாக, சுத்தமாகப் பிரிந்தது. தாத்தாதான் அரை ஆளானார்.

தாத்தாவின் சுளைக் கணக்கு நம் ஊரில் புதுசும் அல்ல. பழைய கணக்கர்கள் மிச்சம் வந்தால் விடமாட்டார்கள். கால், அரைக்கால், மா, காணி என்று இறங்கி, முந்திரி வரை போவார்கள். ஒரு முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. 'கணக்கதிகாரம்' போன்ற நூல்கள் இந்த வாய்பாடுகளால் ஆனவை. 320ஐ இரண்டால், நான்கால், ஐந்தால், எட்டால் எல்லாம் பிரிக்கலாம். மூன்றால் பிரித்தால் அங்கேயும் இரண்டு முந்திரி மிஞ்சும். அதற்கும் கீழே இன்னும் சின்ன அளவுகள் வைத்திருந்தார்கள். எவ்வளவு இறங்கினாலும் இரண்டும் ஐந்தும் மட்டுமே காரணிகளாக இருந்தால் மூன்று பேருக்குச் சரியாக வராது. மலேசியாவில் 2008 ஏப்ரலிலிருந்து நாம் எதிர்த்திசையில் போகிறோம். ஒரு சென் காசு வேண்டாம் என்று பில்லை ஐந்து சென்னுக்குத் திருத்துகிறோம். ஒன்றும் இரண்டும் கீழே, மூன்றும் நாலும் மேலே. யாருக்கும் நஷ்டமில்லை என்கிறார்கள். இருக்கலாம்.

மிச்சத்தை நான் வெறுப்பதை நிறுத்தியது யூக்ளிட்டைப் படித்தபோது. பகா எண்களுக்கு முடிவே கிடையாது என்று 'எலிமெண்ட்ஸ்' ஒன்பதாம் புத்தகத்தில் காட்டுகிறார். உங்களுக்குத் தெரிந்த பகா எண்களையெல்லாம் பெருக்குங்கள், ஒன்று கூட்டுங்கள். 2, 3, 5, 7 மட்டுமே தெரியும் என்றால் 210, ஒன்று கூட்டினால் 211. இரண்டால் வகுத்தால் ஒன்று மிச்சம். மூன்றால், ஐந்தால், ஏழால், எப்படிப் பார்த்தாலும் ஒன்று மிச்சம். ஆகவே உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு பகா எண் எங்கோ இருந்தே ஆக வேண்டும். அந்த நிரூபணம் முழுக்க அந்த மிச்சம் ஒன்றின் மேல்தான் நிற்கிறது. மிச்சம் வந்தால் உங்கள் பட்டியல் முடியவில்லை, யாரோ விட்டுப்போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். பன்னிரண்டு வயதில் எனக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால், 'மிச்சமே வரல' என்று அவ்வளவு பெருமைப்பட்டிருக்க மாட்டேன். சொன்னாலும் கேட்டிருப்பேனா தெரியாது.

போன தீபாவளிக்கு ரிங்லெட் வீட்டுக்குப் போயிருந்தேன். தாத்தாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். இரவில் மற்றவர்கள் தூங்கிய பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து, 160, 160, 80 கணக்கைப் பற்றி ஆரம்பித்தேன். மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல வேண்டும் என்று பஸ் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். இரண்டு வாக்கியம் தாண்டுவதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எது, அந்த 400 கிலோ கணக்கா? அது வேணும்னுதான் அவனுங்க உன்கிட்ட வந்தாங்க. என்கிட்ட நேராக் கேக்க வெக்கம். நீ சின்னப் பையன், என்ன செய்வ."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கதவுக்கு வெளியே மழை இறங்கிவிட்டிருந்தது.

"ஆனா மறுநாளு 412 வந்துச்சுல்ல. அதுல மிச்சம் ரெண்டு கிலோ. அது யாருக்குன்னு நீ சொல்லவே இல்ல. டீக்கும் போவல."